வெர்னெல் வேண்டிக்கொண்ட தோல்வி

வெர்னெல் ப்ரூட் தன் வாழ்நாளில் எத்தனை வீட்டு ஜன்னலுக்குத் திரை தைத்திருப்பாள் என்று கேட்டால் அவளுக்கே சிரிப்பு வரும். உண்மையில் ஒரே திரைதான். ஓக்லஹோமாவில் வெட்டித் தைத்ததை டெக்சஸில் மடித்து அடித்தாள். மிசிசிப்பியில் அந்த மடிப்பைப் பிரித்து நீட்டினாள். அதற்கடுத்த ஊரில் நீளம் போதாமல் கீழே வேறு துணியை ஒட்டுப் போட்டாள். புருஷன் ஹாஸ்கெல், கல்லூரிக் கால்பந்து கோச். எங்கள் பக்கத்துக் கால்பந்தைச் சொல்கிறேன்; பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது, ஓடுகிறவன் மேல் நாலு பேர் விழுந்து அமுக்குவது. இங்கே இரண்டு வருஷம், அங்கே மூன்று வருஷம் என்று அந்த மனுஷன் ஊர் ஊராகத் தாவிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் பெட்டி கட்டியது வெர்னெல்தான்.

பெல்ஃபோர்ட் எட்டாவது ஊர். ஆர்கன்சா மலையடிவாரத்தில் ஒரு சின்னக் கல்லூரி, ஒரு மரக்கடை, மூன்று சர்ச். அங்கேதான் முதல்முறையாக வாடகைக்கு இல்லாமல் மேப்பிள் தெருவில் ஒரு வீட்டை வாங்கினார்கள். வெர்னெல் பழைய திரையைக் கிழித்துத் தரை துடைக்கப் போட்டுவிட்டு, புதிதாகத் துணி எடுத்து, அந்த வீட்டு ஜன்னல்களை அளந்து தைத்தாள். மெதடிஸ்ட் சர்ச் பாடகர் குழுவில் இரண்டாவது வரிசை ஓரத்து நாற்காலி அவளுடையது என்று ஆகிவிட்டது. மகள் லூவெல்லா ஒரே பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வருஷமாகப் படித்தாள். ஒருநாள் அந்தப் பெண் யாரையோ "என் உயிர்த்தோழி" என்று சொன்னதைக் கேட்டு வெர்னெல் சமையலறைக்குள் போய் அழுதாள். அதுவரை அந்தக் குழந்தைக்கு அப்படிச் சொல்ல ஆள் கிடைத்ததில்லை.

இப்படி எல்லாம் கூடி வரும் நேரத்தில்தான் 1951-ல் ஹாஸ்கெல் ஆட்டத்துக்கு ஆட்டம் ஜெயித்துத் தொலைத்தான்.

நன்றாக ஆடின கல்லூரிகளை வருஷக் கடைசியில் தெற்கே வெயிலுள்ள ஊர்களுக்கு அழைத்து, புத்தாண்டு அன்று மோதவிட்டு, ஊர்வலமும் விருந்துமாகக் கொண்டாடுவார்கள். அதற்குப் பெயர் பவுல் ஆட்டம். அலபாமாக் கடற்கரையில் போர்ட் செலஸ்டின் என்ற ஊர், அங்கே விளைகிற ஆரஞ்சின் பெயரால் சட்சுமா பவுல் என்று ஒன்றை நடத்திவந்தது. டிசம்பர் முதல் வாரம் அங்கிருந்து அழைப்பு வந்தது. பெல்ஃபோர்ட்டே தெருவில் இறங்கிக் கூத்தாடியது. மரக்கடைக்காரர் ஆளுக்கொரு சுருட்டு கொடுத்தார். வெர்னெலும் சிரித்தாள், கைகுலுக்கினாள், கேக் வெட்டினாள். உள்ளுக்குள் மட்டும் ஏனோ அந்த அழைப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஏன் என்று போர்ட் செலஸ்டினில் போய் இறங்கிய இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. அந்த ஊர்ப் பெண்கள் இரண்டு கல்லூரிக் கோச்சுகளின் மனைவிமார்களுக்கும் மதிய விருந்து வைத்தார்கள். கோழி சாலட், குட்டிக் குட்டி பிஸ்கட், ஒவ்வொருத்தி மார்பிலும் ஒரு கமேலியாப் பூ. பவுல் கமிட்டித் தலைவரின் மனைவி மிசஸ் லெட்பெட்டர் வாய் ஓயாத அம்மாள். அவள் வெர்னெல் காதருகே குனிந்தாள்.

"வாழ்த்துக்கள், கண்ணு. வடக்க அந்தப் பெரிய ஸ்டேட் யூனிவர்சிட்டில இருந்து கிம்ப்ரோன்னு ஒருத்தர் நம்ம ஹோட்டல்லதான் தங்கியிருக்காரு. அவங்களுக்குப் புதுக் கோச் வேணுமாம்; உங்க வீட்டுக்காரர் ஆட்டத்தப் பாக்கத்தான் வந்திருக்காராம். நாப்பதாயிரம் பேர் உக்காருற ஸ்டேடியம், தெரியுமில்ல?"

வெர்னெல் கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்தாள். "அப்படியா, எனக்குத் தெரியாதே" என்று சொல்லித் தண்ணீர் குடித்தாள்.

கணக்கு அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஹாஸ்கெல் இந்த ஆட்டத்தை ஜெயித்தால் கிம்ப்ரோ அவனைக் கொத்திக்கொண்டு போவார். ஒன்பதாவது ஊர். தோற்றால், தோற்ற கோச்சை எந்தப் பெரிய யூனிவர்சிட்டி சீந்தும்? பெல்ஃபோர்ட் சீந்தும். பெல்ஃபோர்ட் நல்ல ஊர், ஒரு தோல்வியைப் பொறுத்துக்கொள்ளும்.

அன்றிலிருந்து அவளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஹோட்டல் தாழ்வாரத்தில் நடப்பாள், துறைமுகம் வரை நடப்பாள், திரும்பி வந்து ஏற்கெனவே மடித்த துணியை மறுபடி மடிப்பாள். ஹாஸ்கெலும் அவன் பங்குக்கு அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். தன்னிடம் கிம்ப்ரோவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறானா என்று அவள் பார்த்தாள். அவன் வாயே திறக்கவில்லை.

"என்ன ஹாஸ், மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு. ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல வெர்ன். ஆட்டம் முடியட்டும், பேசலாம்."

ஆட்டம் முடியட்டுமாம். அதற்கு மேல் அவளுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? புத்தாண்டு காலை, சாப்பிடும் முன் எல்லாரும் தலை குனிந்து ஜபித்தபோது வெர்னெல் தனியாக ஒன்று வேண்டிக்கொண்டாள். "ஆண்டவரே, பையன்களுக்குக் கைகால் எதுவும் முறிய வேண்டாம். ஆனால் தோற்கட்டும். கேவலமாகத் தோற்க வேண்டாம். ஒரு பாயிண்டு போதும்." வேண்டி முடித்ததும் எதிரே முட்டையையும் பன்றிக்கறியையும் அள்ளி விழுங்குகிற அந்தப் பையன்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் எழுந்து போய்விட்டாள்.

வேண்டுதலோடு விட்டாளா? அதுதான் இல்லை.

இந்தத் தொப்பி விஷயத்தைச் சொல்ல வேண்டும். பெல்ஃபோர்ட் வந்த முதல் வருஷம் அணி தொடர்ந்து அடிவாங்கிக்கொண்டிருந்தது. குளிர் என்று வெர்னெல் ஒருநாள் ஒரு பழுப்புக் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனாள், ஓரத்தில் காட்டுக்கோழி இறகு செருகியது. அன்றைக்கு ஜெயித்தார்கள். அவ்வளவுதான், அந்தத் தொப்பிக்குப் பிடித்தது ராஜயோகம். அதற்கப்புறம் வெயில் கொளுத்தினாலும் அவள் அதைக் கழற்றக் கூடாது. மைதானத்தில் நுழைகிறவனெல்லாம் "தொப்பி வந்தாச்சா?" என்றுதான் கேட்பான். கோச்சுகள் இருக்கிறார்களே, பையன்களைக் குளிரில் ஓடவிட்டு வீரம் பேசுவார்கள். ஆனால் பூனை குறுக்கே போனால் காரையே திருப்பிவிடுவார்கள். ஹாஸ்கெலும் அந்த ஜாதிதான். ஒவ்வொரு ஆட்டமும் தொடங்கும் முன் மனைவிமார் உட்காரும் பக்கம் அண்ணாந்து பார்ப்பான். இறகு தெரிந்ததும் தன் தொப்பி நுனியை ஒரு விரலால் தொடுவான். அப்புறம்தான் ஆட்டம்.

வெர்னெல் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. நம்பாதவள் எதற்கு அன்றைக்கு அதை ஹோட்டல் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வெறுந்தலையோடு போனாள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஸ்டேடியத்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கை இமோஜீனுக்கு. துணை கோச்சின் மனைவி, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வாயில் எப்போதும் சூயிங்கம். எங்கள் பக்கம் மூத்த பெண்களை, கல்யாணமானவர்களானாலும், மரியாதைக்கு 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். வெர்னெலைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினாள்.

"மிஸ் வெர்னெல், தொப்பி எங்க?"

"அடடா. ரூம்லயே விட்டுட்டேன் போலிருக்கு."

"விட்டுட்டீங்களா? தலையையே விட்டுட்டு வந்த மாதிரி இருக்கு. எங்க வீட்டுக்காரர் பதினாலு நாளா ஒரே சாக்ஸ் போட்டிருக்காரு. பக்கத்துல படுக்க முடியல. அதையே நான் பொறுத்துக்கிட்டிருக்கேன், நீங்க என்னடான்னா தொப்பிய விட்டுட்டேங்கிறீங்க."

"அது வெறும் துணிம்மா."

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. பையனுங்க காதுல விழுந்துடப்போகுது."

கீழே ஹாஸ்கெல் அண்ணாந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். இமோஜீன் வெர்னெலின் வெறுந்தலையைத் தன் கையால் மறைக்கப் பார்த்தாள். அவன் தொப்பி நுனிக்குப் போன விரல் பாதியில் நின்று, கை கீழே இறங்கியது. வெர்னெலுக்கு அப்போதே எழுந்து ஓடிப்போய் அந்தத் தொப்பியை எடுத்து வரலாமா என்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாலு வரிசை தள்ளி ஒட்டகநிறக் கோட்டில் கிம்ப்ரோ உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார்.

முதல் பாதி பார்க்கச் சகிக்கவில்லை. எதிரணி ஜார்ஜியாக்காரர்கள், பச்சைச் சட்டை. கடலிலிருந்து வந்த தூறலில் பந்து சோப்புக்கட்டியாக வழுக்கியது. எங்கள் பையன்கள் பிடித்ததைவிட விட்டதுதான் அதிகம். கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு பாயிண்டு, அதன்பின் பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே விட்டால் இன்னும் ஒன்று. பச்சைச் சட்டைகள் இரண்டு தடவை கடைசிக் கோட்டைத் தாண்டி, இரண்டு தடவையும் உதையும் உள்ளே விழுந்து, பாதி ஆட்டத்தில் பதினாலுக்குச் சைபர். வெர்னெலுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. முள்மேல் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. ஒவ்வொரு தடவை ஒரு பையன் விழுந்து எழும்போதும் அவள் தன் காரியமாக்கும் இது என்று நினைத்தாள்.

இடைவேளை வாத்தியம் முழங்கியபோது திரும்பிப் பார்த்தால் இமோஜீனைக் காணோம். நாலு பகுதி ஆட்டத்தில் மூன்றாவது தொடங்கும் நேரத்துக்கு மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையில் தொப்பி.

"டாக்ஸில போனேன். ரூம் கிளார்க்குகிட்ட அழுது ரூம் சாவியும் அலமாரிச் சாவியும் வாங்கினேன். நீங்க ஏன் மிஸ் வெர்னெல் இத அலமாரில வச்சுப் பூட்டினீங்க? யாரு திருடப் போறா இத?"

வெர்னெல் வாயைத் திறக்கும் முன் அதை அவள் தலையில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிவிட்டாள். பின்வரிசைப் பெண்கள் கைதட்டினார்கள்.

இனி நான் சொல்வதை நம்பினால் நம்புங்கள். அடுத்த ஐந்து நிமிஷத்தில் எங்கள் பையன்கள் கோட்டைத் தாண்டினார்கள். உதையும் விழுந்தது. பதினாலுக்கு ஏழு. இமோஜீன் வெர்னெலின் முழங்காலைக் கிள்ளினாள். "பாத்தீங்களா, பாத்தீங்களா? வெறும் துணின்னீங்க." கடைசிப் பகுதியில் மறுபடி தாண்டினார்கள். இந்தத் தடவை உதைக்கிறவன் வழுக்கி, பந்து கம்பத்துக்கு வெளியே போனது. பதினாலுக்குப் பதிமூன்று.

ஒரு பாயிண்டு. காலையில் வெர்னெல் கேட்டதும் அதுதான்.

கடைசியாகப் பந்து எங்கள் கைக்கு வந்தபோது இரண்டு நிமிஷம்தான் பாக்கி. டில்மன் என்ற முரட்டுப் பையன், அவனுக்குப் பந்தைக் கொடுத்துக் கொடுத்து ஓடவிட்டார்கள். நாலு யார்டு, ஏழு யார்டு, மூன்று யார்டு. இப்படியே ஊர்ந்து எதிரியின் கோட்டுக்கு ஐந்து யார்டு தூரத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். ஸ்டேடியம் முழுக்க எழுந்து நின்றது. கிம்ப்ரோவும் எழுந்துவிட்டார். வெர்னெலும் எழுந்தாள். அவளுக்கு மேப்பிள் தெருவும் தெரிந்தது, லூவெல்லாவும் அவள் தோழியும் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. எல்லாம் அந்த ஐந்து யார்டில் நின்றது.

அவள் தொப்பியைக் கழற்றினாள். இருக்கையில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்தாள். இறகு முறிகிற சத்தம் அவளுக்குக் கேட்டது.

டில்மன் பந்தோடு பாய்ந்தான். குவியலாக விழுந்தார்கள். நடுவர்கள் ஒவ்வொருத்தனாக இழுத்துப் போட்டார்கள். கடைசியில் அடியில் பந்தைக் கட்டிக்கொண்டு கிடந்தது ஒரு பச்சைச் சட்டை. டில்மன் கை நழுவவிட்டிருந்தான். எழுந்திருக்காமல் அப்படியே சேற்றில் முகம் புதைத்துக் கிடந்தான் பிள்ளை.

இமோஜீன் அழுதுகொண்டே திரும்பினாள். வெர்னெலின் வெறுந்தலையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

ஹோட்டலுக்குத் திரும்பும்போது வெர்னெல் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒரு ஆட்டம்தானே, பையன்கள் வசந்தத்துக்குள் மறந்துவிடுவார்கள். வீடு நிலைத்தது, மகள் பிழைத்தாள். ஹாஸ்கெலுக்கு நாலு நாள் பிடித்த பதார்த்தமாகச் சமைத்துப் போட்டால் தேறிவிடுவான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு வாரமாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியிருந்தது.

ஹாஸ்கெல் அறைக்கு வர நேரமானது. கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டில்மன் எப்படி இருக்கான்?" என்று கேட்டாள்.

"அழறான். அவன் மேல தப்பில்ல. நான் உதைக்கச் சொல்லியிருக்கணும். அதுக்கே மூணு பாயிண்டு கிடைச்சிருக்கும்."

"போகட்டும் விடு ஹாஸ். அந்த வடக்கத்தி ஆளு, அதான் கிம்ப்ரோ, அவரு போயிருப்பாரு. நாமளும் காலைல ஊருக்குக் கிளம்பலாம்."

ஹாஸ்கெல் நிமிர்ந்தான். "உனக்கு அவரத் தெரியுமா?"

"ஊரே பேசுதே."

"சனிக்கிழமையே கூப்பிட்டு வேல தர்றேன்னாரு. முடியாதுன்னுட்டேன்."

வெர்னெல் கையிலிருந்த துண்டைக் கட்டிலில் வைத்தாள். "என்னது?"

"முடியாதுன்னேன். ஆட்டத்த ஜெயிச்சுட்டு, விருந்துல வச்சு உங்கிட்ட சொல்லலாம்னு வச்சிருந்தேன். நீ சந்தோஷப்படுவேன்னு." அவன் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். "வெர்ன், ஒண்ணு கவனிச்சிருக்கியா? எந்த வருஷமும் நான் கடைசி ஆட்டத்த ஜெயிச்சதில்ல. நல்ல வருஷம், கெட்ட வருஷம், எல்லாத்துலயும் கடைசில ஒண்ணத் தோத்திருக்கேன். தோத்துட்டு ஒரு ஊர்ல நடக்க என்னால முடியல. கடைக்காரன் சும்மா சிரிச்சாக்கூட அதத்தான் நெனக்கிறான்னு தோணும். எவனாவது கூப்பிட்டாப் போதும், ஓடிடுவேன். இத மட்டும் ஜெயிச்சுட்டா அடங்கிடுவேன்னு இருந்தேன். பெல்ஃபோர்ட்லயே உக்காந்துடலாம், கிழவனாகிச் சாகலாம்னு."

ஓக்லஹோமா, டெக்சஸ், மிசிசிப்பி என்று ஒவ்வொரு ஊராக வெர்னெலின் மனசுக்குள் போனது. ஒவ்வொன்றிலும் கடைசி ஆட்டம் நடந்த சனிக்கிழமை ஞாபகம் வந்தது. ஒவ்வொன்றும் தோல்வி. இவன் ஜெயிப்பதால்தான் ஊர் மாறுகிறோம் என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாளே, எவ்வளவு பெரிய முட்டாள் அவள்.

"சரி, அதான் முடியாதுன்னு சொல்லிட்டியே" என்றாள்.

"கீழ லாபில மறுபடி பாத்தேன். ஒரு பாயிண்டுல தோத்ததெல்லாம் ஒரு தோல்வியா கோச்சுன்னு தோள்ல தட்டினாரு. வேல இன்னும் காலியாத்தான் இருக்காம்."

"நீ என்ன சொன்ன?"

"வர்றேன்னுட்டேன். என்னால அந்த ஊருக்குத் திரும்பிப் போய் அந்த ஜனங்க மூஞ்சில முழிக்க முடியாது. பிப்ரவரில கிளம்பணும்." தலையைக் குனிந்துகொண்டு, "திட்டணும்னா திட்டிடு வெர்ன். மத்த ஊர்லெல்லாம் திட்டினியே, அந்த மாதிரி" என்றான்.

திட்டத்தான் செய்வாள். ஏழு ஊரிலும் திட்டியிருக்கிறாள். மிசிசிப்பியில் தட்டை விட்டெறிந்திருக்கிறாள். இந்தத் தடவை எந்த முகத்தை வைத்துக்கொண்டு திட்டுவாள்? தான் வேண்டிக்கொண்டதைச் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. சொன்னால் அவன் மன்னித்துவிடுவான், அந்த மாதிரி ஆள்தான். அதை நினைத்தபோது இன்னும் தாங்க முடியவில்லை. அவன் கோட்டைக் கழற்றிவிட்டு, டையைச் சரிசெய்து, "விருந்துக்கு நேரமாச்சு, மூஞ்சியக் கழுவிட்டு வா" என்று மட்டும் சொன்னாள்.

விருந்தில் இரண்டு அணியும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். டில்மன் தட்டைத் தொடவில்லை. வெர்னெல் அவனருகில் போய் நின்று அவன் தலையைக் கோதிவிட்டாள். அவன் "மன்னிச்சிடுங்க மேடம்" என்றான். அதைக் கேட்டதும் அவள் கையை எடுத்துக்கொண்டு தன் நாற்காலிக்குத் திரும்பினாள்.

மிசஸ் லெட்பெட்டர் கையில் பென்சிலோடு மேஜை மேஜையாக வந்தாள்.

"எங்க சர்ச் பொம்பளைங்க எல்லாருமாச் சேர்ந்து ஆரஞ்சு ஜாம் காய்ச்சுறோம். கோச்சு வீட்டுக்கு ஒரு பெட்டி எப்பவும் அனுப்புவோம். மார்ச்சுலதான் வந்து சேரும். எந்த விலாசத்துக்கு அனுப்பட்டும், கண்ணு?"

மார்ச் என்றதும் ஹாஸ்கெல் வெர்னெலைப் பார்த்தான். வெர்னெல் அவனைப் பார்க்கவில்லை.

"இருநூத்திப் பதினாறு, மேப்பிள் தெரு" என்றாள். "பெல்ஃபோர்ட், ஆர்கன்சா."

மிசஸ் லெட்பெட்டர் எழுதிக்கொண்டாள். "வாடக வீடா?"

"இல்ல" என்றாள் வெர்னெல். "சொந்த வீடு."